மீசை எடுத்த வாத்தியார்

தொடக்கப் பள்ளி ஆசிரியராக என்னென்ன வேண்டும் என்று கேட்டு எனக்கு அடிக்கடி போன் வரும். பெரும்பாலும் சொந்தக்காரர்கள்தான். பிளஸ் டூ முடித்த பிள்ளை வீட்டில் சும்மா இருக்கிறது, எதிலாவது சேர்த்துவிட வேண்டும், உன்னைக் கேட்டால் தெரியும் என்றார்கள் என்று ஆரம்பிப்பார்கள். நானும் சலிக்காமல் சொல்வேன். இரண்டு வருடம் பட்டயப் பயிற்சி. அது முடிந்ததும் தகுதித் தேர்வு, முதல் தாள். அதில் தேறினால் ஆசிரியராகத் தகுதி உண்டு என்று ஒரு சான்றிதழ் கிடைக்கும், வேலை கிடைக்காது. வேலைக்கு இன்னொரு தேர்வு எழுத வேண்டும். இந்த இடத்தில் எதிர்முனையில் ஒரு பெருமூச்சு கேட்கும். "இம்புட்டு இருக்கா? ஒண்ணாப்புக்குச் சொல்லிக் குடுக்குறதுக்கா?" என்பார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஒன்றாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்க இதுவே போதாது என்பது என் கட்சி.

தகுதித் தேர்வில் குழந்தை மனத்தைப் பற்றி ஒரு பகுதி உண்டு. வகுப்பில் ஒரு குழந்தை அழுதால் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்கிற மாதிரி கேட்டு, கீழே நான்கு விடைகள் கொடுத்திருப்பார்கள். எந்த விடை நீளமாகவும் அன்பாகவும் இருக்கிறதோ அதுதான் சரி. கண்ணை மூடிக்கொண்டு குறிக்கலாம். நானும் அப்படித்தான் குறித்தேன், மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனால் அதற்கு முன்னாலேயே, பயிற்சிக் காலத்தில், நிஜமாகவே ஒரு குழந்தை என் முன்னால் அழுதது. அப்போது எனக்கு நான்கு விடைகள் யாரும் கொடுக்கவில்லை.

நான் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்ததே வீட்டில் ஒரு துக்கச் செய்திதான். அப்பா மதுரை சிம்மக்கல்லில் சாக்கு, கயிறு மொத்த வியாபாரம் செய்கிறவர். எங்கள் பூர்வீகம் உசிலம்பட்டிப் பக்கம். இப்போது வீடு ஆனையூரில் என்றாலும், அப்பாவின் நடையும் பேச்சும் இன்னும் அந்தப் பக்கத்து வரப்பில்தான் இருக்கின்றன. எனக்கு ஆறடிக்குக் குறையாத உயரம், அதற்கேற்ற தோள், பதினெட்டு வயதிலேயே அடர்ந்து வந்த மீசை. இவன் போலீஸ் வேலைக்கென்றே பிறந்தவன் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். நான் காவலர் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டே பொழுதுபோகாமல் தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுத்தேன். அதில் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஒரு பிள்ளை முதன்முதலாகத் தானே எழுத்துக்கூட்டி ஒரு சொல்லைப் படித்துவிட்டு நம் முகத்தைப் பார்க்கும் பாருங்கள், அந்தச் சந்தோஷத்துக்கு நான் அடிமையாகிப் போனேன்.

"ஒண்ணாப்பு வாத்தியாரு வேலைக்கு எதுக்குடா இந்த ஒடம்பும் மீசையும்?" என்றார் அப்பா. அதற்குப் பிறகு என் படிப்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பயிற்சி நிறுவனத்தில் எங்கள் வகுப்பில் ஆண்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஆடிப் பாடிக் கற்பிக்க வேண்டும் என்பது பாடத்திட்டம். காகித முயல்காது வைத்துக்கொண்டு நான் குதித்தபோது பக்கத்து அறையிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. இரண்டாம் ஆண்டில் நேரடிக் கற்பித்தல் பயிற்சிக்காக உசிலம்பட்டிச் சாலையில் ஒரு கிராமத்து அரசுத் தொடக்கப் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஒன்றாம் வகுப்பை எடுக்க வேண்டும். கடைசியில் எங்கள் விரிவுரையாளர் வந்து பின்னால் உட்கார்ந்து ஒரு பாடவேளை முழுக்கப் பார்ப்பார். அவர் திருப்தி என்று எழுதினால்தான் பட்டயம். இல்லையென்றால் அடுத்த வருடம் ஜூனியர்களோடு சேர்ந்து மறுபடியும் முயல்காது.

அந்தப் பள்ளியில் இரண்டே ஆசிரியர்கள். தலைமை ஆசிரியை மதுரை வில்லாபுரத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறவர். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பாய் விரித்துத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் வாசலில் குனிந்து உள்ளே நுழைந்ததும் ஒரு பெண் குழந்தை வீலென்று அலறியது. இரட்டைச் சடையில் ஒன்று எப்போதும் அவிழ்ந்தே இருக்கும் குழந்தை அது. அது அழுததும் பக்கத்துப் பிள்ளை அழுதது. அந்த வயதில் அழுகைக்குக் காரணம் தேவையில்லை, பக்கத்தில் ஒரு ஆள் அழுதால் போதும்.

மற்றவர்கள் ஒரு வாரத்தில் பழகிவிட்டார்கள். என் தோளில் ஏறினார்கள், மீசையைப் பிடித்து இழுத்தார்கள். அவள் மட்டும் பழகவில்லை. நான் உள்ளே வந்தால் அவள் வெளியே போய் வாசற்படியில் நின்றுகொள்வாள். தூக்கி உள்ளே வைத்தால் அழுகை. பாட்டுக்கு மசியவில்லை, பொம்மைக்கு மசியவில்லை, கடலைமிட்டாயை வாங்கித் தின்றுவிட்டு அழுதாள்.

"அவளுக்கு அப்பா இல்ல தம்பி. போன வருஷம் தவறிட்டாரு. வீட்ல ஆம்பளைங்க நடமாட்டம் கம்மி. உங்க மீசையப் பாத்துப் பயப்படுறா போல. எடுத்துட்டா என்ன? மீசைதானே, வளந்துட்டுப் போகுது" என்றார் தலைமை ஆசிரியை.

அவர் நகரத்துக்காரர். அவர் வீட்டு ஆண்கள் ஒரு நாள் மீசை வைப்பார்கள், ஒரு நாள் எடுப்பார்கள். எங்கள் பக்கத்தில் அப்படியில்லை. தகப்பன் உயிரோடு இருக்கிறவரை மகன் மீசையை எடுக்க மாட்டான். குலசாமிக்கு மொட்டை போட்டால்கூட மீசையை விட்டுவிடுவோம். தகப்பன் செத்த அன்றைக்குத்தான் மீசையை மழிப்பது. மீசை இல்லாத இளவட்டத்தைத் தெருவில் பார்த்தால் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது, "எப்பப்பா தவறுனாரு?"

இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. விரிவுரையாளர் வருகிற நாள் நெருங்க நெருங்க, அந்தக் குழந்தை வாசற்படியிலேயே நிற்க, எனக்கு வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. அவர் வருவதற்கு முந்தின நாள் ஆனையூரில் எங்கள் சலூன்காரரிடம் போய் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வா மாப்ள. நான் நாளைக்கு அவரு மொகத்துல முழிக்கணும்ல" என்றார். கோபத்தோடு எழுந்து வந்தேன். என் மூஞ்சி, என் மீசை என்று வீரமாக நினைத்துக்கொண்டு மறுநாள் விடியற்காலையில் குளியலறையில் நானே மழித்தேன். கண்ணாடியில் யாரோ ஒரு பால் முகத்துப் பையன் நின்றான். மாஸ்க்கை மாட்டிக்கொண்டு யார் கண்ணிலும் படாமல் பஸ் ஏறிவிட்டேன்.

கிராமத்தில் இறங்கியதும் மாஸ்க்கைக் கழற்றினேன். டீக்கடையில் ஒரு சம்சாரி உட்கார்ந்திருந்தார். அப்பாவின் கடையில் வருடக்கணக்காக நெல்லுக்குச் சாக்கு எடுக்கிற விவசாயி, இன்னார் மகன் என்று வந்த முதல் நாளே என்னைக் கண்டுபிடித்து டீ வாங்கிக்கொடுத்தவர். என்னைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார். ஏதோ கேட்க வாய் திறந்தார். எனக்கோ விரிவுரையாளர் வருவதற்குள் வகுப்பைத் தயார் பண்ண வேண்டும். "வாரேன்ணே" என்று தலையைக் குனிந்துகொண்டு ஓடினேன். தகப்பனைப் பறிகொடுத்தவன் எப்படி ஓடுவானோ அப்படியே ஓடியிருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

வகுப்புக்குள் நுழைந்தேன். பிள்ளைகள் என்னை அந்நியனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். "பழைய சார் எங்க?" என்று ஒருவன் கேட்டான். நான்தான்டா என்றேன். நம்பவில்லை. "எங்களுக்குப் பழைய சார்தான் வேணும்" என்று ஒருத்தி உதட்டைப் பிதுக்கினாள். அடுத்த நிமிடம் வகுப்பே அழுதது. ஒரு குழந்தையின் அழுகையை நிறுத்தப் போய் முப்பது குழந்தைகளை அழவைத்த சாதனை எனக்கே உரியது. பின்வரிசையில் எனக்கு முன்னாலேயே வந்து நாற்காலி போட்டு எங்கள் விரிவுரையாளர் அம்மையார் உட்கார்ந்திருந்தார். நான் இரவெல்லாம் வரைந்த பட அட்டைகள் கையில் இருந்தன.

அந்த அமளியில் அழாமல் நின்றது அவள் ஒருத்திதான். வாசற்படியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக உள்ளே வந்தாள். தானாக, முதல் முறையாக. என் முன்னால் வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள். நான் முழங்காலிட்டு உட்கார்ந்தேன்.

"ஒங்க அப்பா செத்துப் போயிட்டாரா?" என்றாள்.

 அவள் அப்பாவுக்குக் கொள்ளிவைத்த சித்தப்பாவை அவள் இப்படித்தான் பார்த்திருக்கிறாள். மழித்த முகம் என்றால் என்ன அர்த்தம் என்பதை அந்த வயதிலேயே அவளுக்கு வாழ்க்கை சொல்லிக்கொடுத்திருந்தது. அவள் பயம் தெளிந்து வரவில்லை. துக்கம் கேட்க வந்திருந்தாள்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே என் மடியில் உட்கார்ந்திருப்பாள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஒரு கணம் அந்த நினைப்பு வந்தது உண்மை. என்னால் முடியவில்லை.

"இல்லம்மா, நல்லா இருக்காரு" என்றேன்.

"பொய்யி."

"நெசமாத்தான்டா. வீட்ல இருக்காரு."

"எங்க அப்பாவும் ஆஸ்பத்திரில நல்லா இருக்காரு, வந்துருவாருன்னுதான் சொன்னாக" என்றாள். பிறகு ஒரு நிபந்தனை மாதிரி, "அப்பக் கூட்டிட்டு வாங்க, பாப்போம்" என்றாள். சரி என்றேன். திரும்பிப் போய் வாசற்படியில் நின்றுகொண்டாள்.

அதற்கப்புறம் அங்கே பாடம் என்று எதுவும் நடக்கவில்லை. மணி அடித்ததும் விரிவுரையாளர் என்னை வெளியே கூப்பிட்டார். "இன்னைக்கு நடந்ததுக்கு நான் எதுவும் எழுத முடியாதுப்பா. திங்கக்கிழமை இன்னொரு தடவை வாரேன். அதுதான் கடைசி" என்றார்.

வீட்டுக்குத் திரும்பினால் அங்கே இதைவிடப் பெரிய அமளி. டீக்கடையில் என்னைப் பார்த்த சம்சாரி, ஊரில் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு மதிய பஸ்ஸில் மதுரைக்கு வந்திருக்கிறார். வீடு தெரியாததால் கடைக்கே போய் விசாரித்துக்கொள்வோம் என்று, பெரிய ரோஜா மாலையோடு சிம்மக்கல் கடைக்குள் நுழைந்திருக்கிறார். கல்லாவில் உட்கார்ந்து அப்பா வடை தின்றுகொண்டிருந்திருக்கிறார். "மாலை யாருக்குய்யா?" என்று அப்பா கேட்க, அவர் உளறிக் கொட்டியிருக்கிறார். கடைத்தெரு முழுக்கக் கூடிவிட்டது. அப்பா மாலையை வாங்கித் தெருவில் போட்டுவிட்டு, ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். இவ்வளவையும் அம்மா வாசலிலேயே என்னை நிறுத்தி, அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள்.

உள்ளே போனேன். அப்பா என் முகத்தைப் பார்த்தார். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் இருக்கேனா போயிட்டேனா? அத மொதல்ல சொல்லு" என்றார்.

 அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அதன் பிறகு எங்கள் வீட்டில் பேச்சே இல்லை. நான் சாப்பிட உட்கார்ந்தால் அவர் எழுந்துவிடுவார். மகன் எடுத்தது மயிர் இல்லை, தன் உயிர் என்று அவர் அம்மாவிடம் சொன்னது எனக்குச் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. எனக்கு அவமானமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. ஒரு முகம் மழித்ததற்கு இத்தனையா என்று கத்தத் தோன்றும். உடனே, தன் சாவுக்கு வந்த மாலையைத் தன் கையாலேயே வாங்கிய மனிதர் அவர் என்பது ஞாபகம் வரும்.

பள்ளியில் அவள் தினமும் வாசற்படியில் காத்திருந்தாள். அழுவதில்லை. நான் வரும்போது எனக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பாள். யாரும் இல்லை என்று தெரிந்ததும், "வரலையா?" என்பாள். நாளைக்கு என்பேன். எனக்குத் தெரியும் என்கிற மாதிரி ஒரு பார்வை பார்ப்பாள். பெரியவர்களின் 'நாளைக்கு' எப்படிப்பட்டது என்று அவளுக்கு நன்றாகவே பழக்கம். அந்தப் பார்வைக்கு அவளுடைய பழைய அலறலே மேல்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அப்பா எதிரில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டும் என்றேன்.

"எதுக்கு? உசுரோட இருக்கேன்னு ஒங்க ஒண்ணாப்புல வந்து கையெழுத்துப் போடணுமா?"

"ஒரு பிள்ளைகிட்ட சொல்லிட்டேன்ப்பா."

முழுக் கதையையும் அப்போதுதான் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அதை அணைத்தாள்.

"அந்தப் புள்ளைட்ட அப்பன் செத்தத இன்னும் சொல்லலையா?" என்றார் அப்பா.

"மொதல்ல சொல்லல. ஆஸ்பத்திரில இருக்காரு, வந்துருவாருன்னு சொல்லி வச்சிருக்காக. அதுக்கப்புறம் அதுவாத் தெரிஞ்சுக்கிருச்சு."

"நீ ஆமான்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதான? ஒனக்குப் பாஸ் ஆயிருக்கும்ல."

"எப்பிடிப்பா சொல்லுவேன்?"

அப்பா மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். என் பட்டயம் போயிற்று என்றுதான் நினைத்தேன். அன்று இரவு நான் பாடக்குறிப்பைத் தொடவே இல்லை.

மறுநாள் காலை நான் பஸ்ஸுக்குக் கிளம்பி வெளியே வந்தபோது, அப்பா வெள்ளை வேட்டி சட்டையில் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நெற்றி நிறையத் திருநீறு. மீசையை எண்ணெய் போட்டு முறுக்கியிருந்தார். "நீ ஓட்டுறியா, நான் ஓட்டவா?" என்றார். நான்தான் ஓட்டினேன். ஊர் டீக்கடையில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். அங்கே உட்கார்ந்திருந்த சம்சாரி பதறி எழுந்தார். "நல்லாப் பாத்துக்கய்யா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் வந்து ஏறிக்கொண்டார். அவ்வளவு நாளில் அப்போதுதான் பின்னால் அவர் லேசாகக் குலுங்கிச் சிரிப்பது என் முதுகில் தெரிந்தது.

அவள் வாசற்படியில் நின்றாள். அப்பாவைப் பார்த்ததும் அலறுவாள் என்று பயந்தேன். என் மீசையெல்லாம் அவருடையதில் பாதிகூடக் காணாது. அவள் அலறவில்லை. அவரைச் சுற்றி நடந்து பார்த்தாள். அவர் கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"நீங்கதான் சாரோட அப்பாவா?"

"ஆமா தாயி."

"ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தீகளா?"

"இல்ல தாயி. சிம்மக்கல்ல கடையில இருந்தேன்."

 அவள் அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள். அவரை உள்ளே கூட்டிப்போய்ப் பாயில் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். அப்பா வேட்டியைச் சுருட்டிக்கொண்டு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். விரிவுரையாளர் பின்னால் நாற்காலியில் ஏற்கெனவே வந்து அமர்ந்திருந்தார். நான் வருகைப் பதிவேட்டைத் திறந்தேன். 

ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டேன். ஒவ்வொருவராக எழுந்து பதில் சொன்னார்கள். அவள் பெயர் வந்தது. இத்தனை வாரத்தில் ஒருநாளும் பதில் வராத பெயர் அது. அவள் எழுந்து நின்று, அறையே அதிரும்படி, "உள்ளேன் ஐயா!" என்றாள். அப்படியே உட்காராமல் நின்றாள்.

"ஒங்க அப்பாவக் கூப்பிடலையே?" என்றாள்.

வகுப்பே என்னைப் பார்த்தது. பெற்ற தகப்பனைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வருமா? பதிவேட்டையே பார்த்துக்கொண்டு, பிள்ளைகளுக்குக் கேட்கிற அளவுக்கு, "எங்க அப்பா" என்றேன்.

அப்பா பாயில் கையை ஊன்றி எழுந்தார். பிள்ளைகள் நிற்கிற மாதிரியே கையைக் கட்டிக்கொண்டு, என் முகத்தை நேராகப் பார்த்து, "உள்ளேன் ஐயா" என்றார்.